சம்பந்தி வீட்டுச் சாம்பிராணி

கிள்ளானில் சிவநேசன் கடைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். ஊதுபத்தி, கற்பூரம், தசாங்கம், கப் சாம்பிராணி என்று அந்த வட்டாரத்துச் சாமிகளில் பாதிப் பேர் அவர் கடைப் புகையில்தான் குளிக்கிறார்கள். ஆனால் அவர் வீட்டுப் பிள்ளையாருக்கு மட்டும் பிளாஸ்டிக் ஊதுபத்தி. சுவிட்சைத் தட்டினால் நுனியில் சிவப்பு பல்பு எரியும். பிள்ளையார் இதுவரை புகார் கொடுத்ததில்லை.

காரணம் இதுதான். சிவநேசனுக்கு ஆஸ்துமா. மகள் மாதவிக்கு அதிலேயே இன்னும் கொஞ்சம் உயர்ந்த ரகம். மனைவி லோகேஸ்வரிக்கு மூச்சில் ஒரு குறையும் இல்லை. எறாலைத் தொட்டால் மட்டும் உதடு, பாசாரில் ஆவி பறக்க விற்கும் பாவ் ரொட்டி மாதிரி உப்பிவிடும். "இவ்வளவு வீசிங்கை வச்சுக்கிட்டு ஏன் அண்ணே இந்த வியாபாரம்?" என்று யாராவது கேட்டால், "டயர் கடைக்காரன் டயரையா திங்கிறான்?" என்று திருப்பிக் கேட்பார்.

வீட்டில் லோகேஸ்வரியின் சட்டம் கடுமையானது. கடையிலிருந்து வருகிறவர் பின்வாசல் வழியாக வந்து, சட்டையை வாளியில் போட்டு, குளித்த பிறகுதான் ஹாலுக்கு வரலாம். திரைச்சீலை கிடையாது, கம்பளம் கிடையாது. தலையணைகளுக்கு ஜிப் வைத்த உறை. படுக்கை விரிப்புகள் வாராவாரம் கொதிநீரில் வேகும். மாதவி காலையும் இரவும் தடுப்பு மருந்தை இழுத்து வாய் கொப்பளிப்பாள். அவசரத்துக்கான நீலநிற பம்பு எப்போதும் கைப்பையில். இந்த ஒழுங்கினால், புகைமூட்டம் வந்து ஊரே இருமிய மாதங்களில்கூட அவள் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்தினாள்.

ஆனால் கல்யாணச் சந்தையில் ஒழுங்குக்கு மதிப்பில்லை. முன்னொரு வரன் டெங்கிலிலிருந்து வந்தது. எல்லாம் கூடி வரும் நேரத்தில், கேரி தீவிலிருந்து வந்திருந்த சிவநேசனின் அக்கா வீரம்மா, மைக் இல்லாமலே மைக் வைத்ததுபோல் பேசுகிறவர், "பொண்ணுக்கு வீசிங்னா என்ன, பம்பு அடிச்சா சரியாயிடும் லா!" என்று ஆறுதல் சொல்லிவிட்டார். டெங்கில்காரர்கள் வந்த வேகத்தைவிடச் சீக்கிரமாகப் போனார்கள். அடுத்த பஸ்ஸிலேயே வீரம்மாவையும் கேரி தீவுக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

அதனால் பிரிக்பீல்ட்ஸ் வரன் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, வீரம்மாவுக்குச் சேதியே போகவில்லை. சிவநேசன் தன் பம்பைப் பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்தார். பம்பைப் பொருத்தி இழுக்கும் போத்தல் மாதிரியான ஸ்பேசர், வாஷிங் மெஷினுக்குள் போனது. மாதவி தன் பம்பைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்பா, ஜெயனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நானே சொல்லிட்டேன்."

"பையனுக்குத் தெரிஞ்சா போதுமா? கடைக்கு வந்து பொருளைப் பார்க்கிறது அவங்க அம்மா. வாயைத் திறக்கப்படாது."

வந்தவர்கள் மூவர். மாப்பிள்ளை ஜெயகாந்தன், பொறியியலாளர். அவனுடைய தந்தை முத்துக்குமாரு, பேசுவதை முப்பது வருடத்துக்கு முன்பே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர். தாயார் குணபூசணி, யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்ற அம்மாள். சோபாவில் உட்காருமுன் அதைத் தணிக்கை செய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

தேநீர் முடிந்ததும் குணபூசணி நேரே விஷயத்துக்கு வந்தார். "கலியாணத்தை எளிமையா வைப்பம். பெரிய ஹோமம், புகை ஒண்டும் தேவையில்லை. என்ன சொல்லுறீங்கள்?"

சிவநேசனுக்கு மரத்தடியில் நின்றவன் மடியில் டுரியான் பழம் தானாகவே தோல் உரித்து விழுந்ததுபோல் இருந்தது. "சரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

ஆனால் அவர் கடையில் பிறந்து, கல்லாப்பெட்டிக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவர். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவனை அவர் ஆயுளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறார். அந்த ஆள் அன்று கொடுத்தது கள்ள நோட்டு. உடனே ஒத்துக்கொண்டால் ஏதோ ஒளிக்கிறோம் என்றுதான் அர்த்தம். அதனால் முறைப்படி ஒருமுறை மறுப்பது, அவர்கள் வற்புறுத்துவார்கள், மனசில்லாமல் இறங்கி வருவது. வழக்கமான கணக்கு.

"என்ன இப்படிச் சொல்லிட்டீங்க! ஊதுபத்திக் கடைக்காரன் வீட்டுக் கல்யாணம். புகை இல்லைன்னா ஊரு சிரிக்காதா?"

இந்த இடத்தில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவின் எந்தத் துணிக்கடைக்காரராக இருந்தாலும் இரண்டாவது சுற்றுக்கு வந்திருப்பார். குணபூசணி தணிக்கைக்காரர். அவர் உத்தியோகத்தில் இரண்டாவது சுற்று என்ற ஒன்று கிடையாது. எதிர்த்தரப்பு அழுத்திச் சொன்னால் அதில் சோதனை இருக்கிறது என்று நினைத்துத்தான் அவருக்குப் பழக்கம். அவர் கண்கள் சுருங்கின.

"புகைக்குப் பயந்த குடும்பம் எண்டு நினைச்சுப்போட்டீங்களோ? எங்களுக்கென்ன. பெரிய ஹோமமாவே வையுங்கோ."

சிவநேசன் எதிர்பார்த்த பதில் இதில்லை. ஆனாலும் பேரத்தில் பின்வாங்கிப் பழக்கமில்லாத நாக்கு தானாகவே ஓடியது. "ஹோமம் மட்டும் போதுமா? வாசல்ல நூத்தியெட்டு கப் சாம்பிராணி, என் கடைச் சரக்கு."

"வாசலில மட்டும் ஏன்? மணவறையைச் சுத்தியும் வையுங்கோ."

"ரெண்டு ஆளு தூபக்கால் தூக்கிக்கிட்டு மாப்பிள்ளைக்கு முன்னால நடக்கட்டும்!"

"பொம்பிளைக்கு முன்னாலயும் நடக்கட்டும்!"

"அப்பா, போதும்பா," என்று சமையலறையிலிருந்து மாதவியின் குரல் வந்தது. ஜெயகாந்தன் கூரையில் ஓடும் பல்லியை, தன்னைக் காப்பாற்ற வந்த வக்கீலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். முத்துக்குமாரு வாயைத் திறந்து, மனைவியைப் பார்த்து, மூடிக்கொண்டார். சீர்வரிசைத் தட்டு பதினொன்று என்று ஆரம்பித்து இருபத்தொன்றில் நின்றது. இரு தரப்பும் வென்ற களைப்போடு கைகூப்பிப் பிரிந்தார்கள்.

கார் திரும்பியதும் மாதவி வெளியே வந்தாள். "என்னைக் கட்டிக் குடுக்கப் போறீங்களா, இல்ல மீனு மாதிரி புகையில தொங்கவிட்டு இக்கான் சாலாய் போடப் போறீங்களா?"

"அந்தம்மா இறங்கி வரும்னு நினைச்சேன்மா. ஏறிக்கிட்டே போச்சு."

"முதல்லேயே இறங்கித்தானே நின்னாங்க! நீங்கதான் ஏணி போட்டு ஏத்திவிட்டீங்க."

லோகேஸ்வரி வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து ஸ்பேசரை எடுத்துத் துடைத்தபடி சொன்னார்: "இவருக்கு யாராவது சும்மா உயிரைத் திருப்பிக் குடுத்தாக்கூட, பழைய உயிரை என்ன விலைக்கு எடுத்துக்கிறீங்கன்னு கேட்பாரு."

மாதவி தகப்பனாருக்கு எதிரே உட்கார்ந்தாள். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அப்பா, அந்தப் புகையில நான் ஒரு மணி நேரம் உக்காந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். தாலி ஏறுறதுக்கு முன்னால ஆம்புலன்ஸ் ஏறணும். நீங்க போய் உண்மையைச் சொல்றீங்களா, இல்ல நான் மணவறையில உக்காந்து மைக்ல சொல்லவா?"

"சொன்னா டெங்கில் கதைதாம்மா. எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"போய்ப் பாருங்க. கண்ணை மட்டும் நல்லாத் திறந்து வச்சுக்குங்க. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது. ஜெயனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அடுத்த சனிக்கிழமை சிவநேசன் கோமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனார். துவைத்த சட்டை, ஒரு கூடை ஆரஞ்சு. கூடவே, வெறுங்கையோடு போன கடைக்காரன் என்ற பேர் வரக்கூடாதே என்று, தன் கடையின் முதல்தரக் கப் சாம்பிராணிப் பெட்டி ஒன்று. புகையைக் குறைக்கச் சொல்லப் போகிறவர் புகையைக் கையில் எடுத்துக்கொண்டு போவானேன் என்று லோகேஸ்வரி கேட்டார். "கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார். கௌரவத்தோடு சட்டைப் பையில் பம்பும் இருந்தது.

குணபூசணியின் வீடு மோனோரயில் தண்டவாளத்தை ஒட்டிய அடுக்குமாடியில். சிவநேசன் உள்ளே நுழைந்ததும், ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியின் கடையை எடைபோடுவதுபோல் பார்வையை ஓட்டினார். திரைச்சீலை இல்லை. கம்பளம் இல்லை. பூச்சாடியில் பிளாஸ்டிக் ரோஜா. பால்கனி வெயிலில் ஜிப் உறை போட்ட தலையணைகள். மூலையில் ஏதோ ஒன்று, ஜரிகைத் துணி போர்த்தி, மேலே நடராசர் சிலை வைத்திருந்தது. நடராசருக்குக் கீழே இருந்து சில்லென்று காற்று வந்தது. காற்றைச் சுத்தம் செய்கிற மிஷின். சமையலறை ஜன்னலில், கழுவிக் கவிழ்த்த தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே, கோப்பை போலவே பாவனை செய்துகொண்டு ஒரு ஸ்பேசர்.

'நம்ம சரக்கு!' என்று அவர் மனசு கூவியது. மறுகணமே சந்தேகம். மாப்பிள்ளைக்கா? அம்மாவுக்கா? யாருக்கானாலும், அவர்கள் வாயால் முதலில் வரட்டும். முதலில் விலை சொல்கிறவன் தோற்றவன்.

குணபூசணியோ பெட்டியைத்தான் பார்த்தார். முதல்தரக் கப் சாம்பிராணி. சோதிக்க வந்திருக்கிறான் கிள்ளான்காரன்.

"இருங்கோ, இருங்கோ. இவ்வளவு நல்ல சாமானைக் கொண்டு வந்திருக்கிறீங்கள். ஏத்தாமல் வைக்கலாமோ?"

"ஐயோ, அதுக்கென்ன அவசரம்..."

"அவசரமில்லை, மரியாதை." அவர் பெட்டியைப் பிரித்து, ஒன்றல்ல, இரண்டு கப் சாம்பிராணியைத் தட்டில் வைத்துப் பற்றவைத்து, இருவருக்கும் நடுவில் இருந்த சிறு மேசையில் வைத்தார். முத்துக்குமாரு நாற்காலியிலிருந்து எழுந்து, பேப்பரை எடுத்துக்கொண்டு, பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரக்கு முதல்தரம் என்பதைச் சாம்பிராணி உடனே நிரூபித்தது. வெள்ளைப் புகை கயிறு கயிறாக எழுந்து, கூரையில் முட்டி, பரந்து இறங்கியது. நடராசர் தில்லைக்கே திரும்பிவிட்டவர்போல் மறைந்தார்.

"நல்ல வாசம்," என்றார் குணபூசணி.

"ரொம்ப நல்ல வாசம்," என்றார் சிவநேசன். நெஞ்சில் யாரோ சாக்கு மூட்டையின் வாயைச் சுருக்கிக் கட்டுவது தெரிந்தது.

"ஹோமத்தைப் பற்றிக் கதைக்கவோ வந்தனீங்கள்?"

"ஆமா... கூட்டணுமா... குறைக்கணுமான்னு... உங்க அபிப்பிராயம்..."

"உங்கட... அபிப்பிராயத்தை... முதல் சொல்லுங்கோ."

"நீங்க... பெரியவங்க. நீங்க... சொல்லுங்க."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில்.

"கெட்டில்... கொதிக்குது போல," என்றார் சிவநேசன்.

"இல்லை. மேல் வீட்டுப்... பிள்ளை. புல்லாங்குழல்... பழகுது."

"நல்லா... வாசிக்குது." இப்போது இரண்டாவது விசில் சேர்ந்துகொண்டது. அது தன் நெஞ்சிலிருந்து வருவது அவருக்குத் தெரிந்தது.

"ரெண்டு... பிள்ளையோ?" என்றார் குணபூசணி, கண்ணில் நீரோடு.

"சுருதி... சேரல."

பால்கனிக் கண்ணாடிக்கு அப்பால் முத்துக்குமாரு பேப்பரை இறக்கி, நீலநிற பம்பு ஒன்றைத் தூக்கி மனைவிக்குக் காட்டினார். சிறிய ரயில் நிலையத்தில் கொடி காட்டுகிறவர் மாதிரி இரண்டு தரம் ஆட்டினார். குணபூசணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சோபாவின் கையை இறுகப் பிடித்து, தோளை உயர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்தார். சிவநேசனும் அப்படியே உட்கார்ந்தார். அந்த உட்காரல் அவருக்கு நன்றாகத் தெரியும். மூச்சு வராதவர்கள் எல்லாரும் அப்படித்தான் மகாராஜா மாதிரி உட்காருவார்கள்.

அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. முதலில் எடுப்பவர் பெண் வீட்டுக்காரர் என்றால், கதை இன்றோடு முடிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அந்தம்மா எடுத்துவிடுவார். இன்னும் கொஞ்சம். இந்தத் தட்டில் எரிவது இரண்டு. அவர் பேசி ஜெயித்து வைத்திருப்பது நூற்றெட்டு. மணவறையைச் சுற்றி இன்னொரு வரிசை. அதற்கு நடுவில் மாதவி, இதேபோல் தோளை உயர்த்திக்கொண்டு, நகையெல்லாம் போட்டு, மகாராணி மாதிரி.

அவர் பம்பை வெளியே எடுத்தார்.

குலுக்கினார். மூச்சை விட்டார். வாயில் வைத்து அழுத்தி, இழுத்து, அடக்கினார். அறுபது வயதில் முதல்முறையாக, எதிராளி வாய் திறப்பதற்கு முன்னால் தன் விலையைச் சொல்லிவிட்டார்.

"பாத்தீங்களோ!" என்று குணபூசணி வெற்றியோடு கூவ நினைத்தார், பாதிதான் வந்தது. மீதிக்கு மூச்சில்லை. அவர் சோபா மெத்தைக்கு அடியில் கையை விட்டு ஒரு பம்பை உருவினார். அதே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்த முத்துக்குமாரு, சமையலறையிலிருந்த ஸ்பேசரை அதில் பொருத்திக் கொடுத்துவிட்டு, முதல்தரச் சாம்பிராணியைத் தட்டோடு தூக்கித் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் வைத்தார். பிறகு சம்பந்திகள் இருவரையும் இரண்டு கையால் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போய் நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தார்.

"இன்னொருக்கா இழும்," என்றார் மனைவியிடம். அவர் பேசியதைச் சிவநேசன் கேட்டது அதுதான் முதல் தடவை.

மோனோரயில் ஒன்று போய், இன்னொன்றும் போன பிறகுதான் விசில்கள் ஓய்ந்தன.

"மாதவிக்கும் இருக்கு," என்றார் சிவநேசன். "என்னைவிட அதிகம். ஒழுங்கா மருந்து எடுக்குறதால தெரியாது. உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அந்தப் புகையில மட்டும் என் பிள்ளையை உக்கார வைக்க முடியாது."

குணபூசணி முகத்தைத் துடைத்தார். "ஜெயனுக்கு ஆறு வயசிலயிருந்து மூச்சு முட்டு. எனக்கு அதுக்கும் முன்னால. கச்சான் கடலை சாப்பிட்டா இவருக்கு உடம்பெல்லாம் தடிக்கும். இதைக் கேட்டுத்தான் செரம்பான் சம்பந்தம் ஒண்டு தவறிப்போச்சு. அதுதான் முதலே சொன்னன், புகை வேண்டாமெண்டு. நீங்கள்தான் விடேல்லை."

"நீங்க இன்னொரு தடவை வேணாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன்!"

"ஏன் ஒண்டை இரண்டு தரம் சொல்ல வேணும்?"

ஐம்பது வருட வியாபாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் சிவநேசனிடம் கேட்டதில்லை.

"சரி. அக்கினி சாட்சி வேணும். அதுக்கு ஒரு நெய் விளக்கு போதும். புகைதான் சாட்சியெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஐயரோட நான் கதைக்கிறன். சாம்பிராணி இல்லை, தூபக்கால் இல்லை, மல்லிகைப்பூவும் வேண்டாம். என்ன சொல்லுறீங்கள்?"

"சரிங்க," என்றார் சிவநேசன்.

குணபூசணியின் கண்கள் மறுபடி சுருங்கின.

"என்ன, உடனே ஒத்துக்கொண்டீங்கள்?"

"நல்ல விஷயம்தானே."

"அண்டைக்கு அவ்வளவு பேரம் பேசின மனுசன் இண்டைக்கு ஒரு சொல்லும் இல்லாமல் தலையாட்டுறீங்கள். வேற என்ன மறைக்கிறீங்கள்?"

"என் பொண்டாட்டிக்கு எறால் ஆகாது. அவ்வளவுதாங்க, சத்தியமா."

"இல்லை, எனக்கு மனம் ஆறேல்லை. கொஞ்சமாவது பேரம் பேசுங்கோ."

சிவநேசன் அந்த அம்மாளைப் பார்த்தார். விளையாட்டில்லை, உண்மையிலேயே கலங்கிப் போயிருந்தார். எதிர்த்தரப்பை நிம்மதியாக விடுவதும் வியாபார தர்மம்தான். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா ஒண்ணு. இனிமே ஒளிக்கிறது கிடையாது. எங்க சீர்வரிசையில ஒரு தட்டுல பம்பும் ஸ்பேசரும் வைப்போம். மணவறைக்குப் பக்கத்துலேயே இருக்கும்."

குணபூசணியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "உங்கட தட்டு மட்டும் இருக்கிறதோ? எங்கட பக்கத்திலயும் ஒரு தட்டு. தடுப்பு மருந்தோட."

"வாசல்ல சாம்பிராணிக்குப் பதிலா காத்து மிஷின் ஒண்ணு வைக்கிறேன்."

"ரெண்டு வையுங்கோ. நடராசருக்குக் கீழ இருக்கிறதையும் தாறன்."

"நெபுலைசர் மிஷின் எங்க செலவு!"

"அது மாப்பிள்ளை வீட்டு உரிமை!"

முத்துக்குமாரு பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

கல்யாணம் கிள்ளான் மண்டபத்தில், நான்கு பக்கமும் கதவு திறந்து, பிளாஸ்டிக் மாலைகளோடு நடந்தது. ஒற்றை நெய் விளக்கு, மூன்று காற்று மிஷின்களுக்கு நடுவே, அணையாமல் இருக்கப் பெரும்பாடு பட்டது. நாதஸ்வரக்காரர் அசந்த இடங்களில் மிஷின்கள் சுருதி பிடித்தன. தாலி கட்டும் நேரத்தில் மாதவி தோளைத் தாழ்த்தி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, எந்த விசிலும் இல்லாமல் மூச்சு விட்டாள். சிவநேசன் அந்த மூச்சைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மொய்ப்பெட்டி எங்கே இருந்தது என்றுகூட அவருக்குத் தெரியாது.

சீர்வரிசையில் இருபத்து மூன்றாவது தட்டில், பட்டு ரிப்பன் கட்டி, குங்குமப் பொட்டு வைத்து, நெபுலைசர் வீற்றிருந்தது. கேரி தீவிலிருந்து வந்த வீரம்மா அதன் முன்னால் நின்று, முகமூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா தம்பி இது? புது மாடல் மிக்ஸியா?"

"வீசிங் மிஷின்க்கா," என்றார் சிவநேசன்.

வீரம்மா இடுப்பில் கை வைத்தார். மேடையில் மேளம் நின்ற நேரம் பார்த்து, மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்கும்படி சொன்னார்:

"இதைத்தானே லா நான் அன்னைக்கே சொன்னேன்! என்னை மட்டும் பஸ் ஏத்தி அனுப்பிட்டீங்க!"